அமிகாவும் 1541உம் பிளாப்பியைப் படிக்க மறுப்பது ஏன்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களிடம் அமிகா 500 என்ற பழைய வீட்டுக் கணினி இருக்கிறது. இன்னொரு பழைய கணினியான கமோடர் 64, அதனோடு 5.25 அங்குல டிஸ்க்குக்கான 1541 டிரைவும் இருக்கிறது. அமிகா விளையாட்டு டிஸ்க்குகளின் முழு நகலான ஏடிஎஃப் கோப்புகளை (டிஸ்க் படிமங்களை) இறக்கி, லேப்டாப்பில் யுஎஸ்பி பிளாப்பி டிரைவைச் செருகி 3.5 அங்குல டிஸ்க்கில் போட்டிருக்கிறீர்கள். அமிகா அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அமிகாவில் என்றோ எழுதிய டிஸ்க்கை லேப்டாப்பில் போட்டால் ‘பார்மேட் செய்யட்டுமா?’ என்று கேட்கிறது. 1541ஓ சில டிஸ்க்குகளைப் படிக்கிறது, சிலவற்றுக்குச் சிவப்பு விளக்கைச் சிமிட்டுகிறது. இரண்டு டிரைவும் போய்விட்டனவா, டிஸ்க்கைப் படித்து எழுதும் ஹெட்டை மாற்ற வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

முதலில், அந்த ‘பார்மேட் செய்யட்டுமா?’ பெட்டிக்கு எப்போதும் ‘வேண்டாம்’ என்றே சொல்லுங்கள். அடுத்து, எழுத்துத் தடையைப் போட்டுவிடுங்கள். 3.5 அங்குல டிஸ்க்கில் ஓட்டை திறந்திருந்தால் எழுத முடியாது. 5.25இல் இது தலைகீழ்: ஓரத்து வெட்டை மூடினால்தான் எழுத முடியாது. இந்தக் குழப்பத்தில் டிஸ்க்கைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். இன்னொன்று, சில 5.25 டிரைவுகள் அந்த வெட்டை ஒளியால் பார்க்கின்றன. கண்ணாடி போன்ற டேப்பை ஒட்டினால் ஒளி ஊடுருவிப் போய்விடும், தடை இருப்பதே டிரைவுக்குத் தெரியாது. ஒளி புகாத டேப்பாக இருக்கட்டும்.

இப்போது அமிகா. உங்கள் அமிகா டிரைவில் பெரும்பாலும் ஒரு கோளாறும் இல்லை. லேப்டாப்பும் அமிகாவும் ஒரே அளவு டிஸ்க்கைப் பயன்படுத்துகின்றன, இரண்டும் எம்எஃப்எம் என்ற ஒரே குறியீட்டு முறையில்தான் எழுதுகின்றன. ஆனால் டிராக்கை, அதாவது டிஸ்க்கில் எழுதும் வட்டப் பாதையை, அமைக்கும் விதம் வேறு. பிசியின் கன்ட்ரோலர் டிராக்கின் துண்டான ஒவ்வொரு செக்டாரையும் தனித்தனியாக எழுதும். டிரைவுக்கு டிரைவு வேகம் கொஞ்சம் மாறும் என்பதால், ஒரு செக்டாரை மாற்றி எழுதும்போது அடுத்ததில் ஏறிவிடாமல் இருக்க நடுவே இடைவெளி விடும். அப்படி ஒரு டிராக்கில் 9 செக்டார் கொள்ளும். அமிகா டிராக் முழுவதையும் ஒரே மூச்சில் எழுதுகிறது. இடைவெளியே தேவையில்லாததால் 11 செக்டார் அடங்கிவிடுகிறது. 80 டிராக், 2 பக்கம், 11 செக்டார், செக்டாருக்கு 512 பைட்: பெருக்கினால் 9,01,120 பைட். பிசியின் 720கே டிஸ்க் 7,37,280 பைட்தான்.

அந்தக் கணக்கு உங்களைப் பற்றியும் ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. ஏடிஎஃப் கோப்பின் அளவு சரியாக 9,01,120 பைட். அது 720கே டிஸ்க்கில் அடங்கவே அடங்காது. ஆனால் உங்கள் லேப்டாப் முணுமுணுக்காமல் எழுதியிருக்கிறது. அப்படியென்றால் நீங்கள் எடுத்தது 1.44 எம்பி எச்டி (உயர் அடர்த்தி) டிஸ்க், அதில் போட்டது ஏடிஎஃப் என்ற ஒரு கோப்பு. படிமத்தை டிஸ்க்காக விரிக்கவில்லை, கோப்பாக நகலெடுத்திருக்கிறீர்கள். அமிகாவுக்கு அங்கே மூன்று அந்நியங்கள் காத்திருக்கின்றன: இரு மடங்கு அடர்த்தியில் எழுதிய டிராக், பிசியின் செக்டார் அமைப்பு, பிசியின் கோப்பு அமைப்பு. டிஸ்க் கேட்டு அமிகா காட்டும், கையில் டிஸ்க் பிடித்த அந்தப் படம் திரையில் அசையாமல் நின்றதில் வியப்பே இல்லை.

சரி, கோப்பாகப் போடாமல் படிமத்தை விரித்து எழுத ஏதாவது மென்பொருள் கிடைக்காதா? யுஎஸ்பி டிரைவுக்குக் கிடைக்காது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த டிரைவுக்குள் இருக்கும் சிப், ‘இத்தனையாவது செக்டாரைக் கொடு, இத்தனையாவது செக்டாரை எழுது’ என்ற அளவில்தான் கணினியோடு பேசும். செக்டாருக்குக் கீழே டிராக்கில் என்ன இருக்கிறது என்று பார்க்க வழியே கிடையாது. சில மாடல்கள் 720கே டிஸ்க்கைக் கூடப் பார்மேட் செய்யத் தடுமாறும்.

அமிகா பக்கம் கதை வேறு. அதன் பாலா சிப் டிராக்கில் ஓடுகிற பிட்டுகளை அப்படியே அள்ளிக் கொடுத்துவிடும், பிரித்துப் பொருள் காண்பது மென்பொருளின் வேலை. அதனால்தான் அமிகாவால் பிசி டிஸ்க்கைப் படிக்க முடிகிறது, பிசியால் அமிகா டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை. அமிகாவின் இயக்க மென்பொருளான வொர்க்பெஞ்சில், 2.1 முதல், பிசி டிஸ்க்கைப் படிக்கும் கிராஸ்டாஸ் அதனுடனேயே வருகிறது. அதைக் கொண்டு 720கே பிசி டிஸ்க்கில் சின்னக் கோப்புகளைப் பரிமாறலாம். உங்கள் 500இல் 1.3 இருந்தால் தனியாக ஒரு மென்பொருள் வேண்டும். அதை அமிகாவுக்குள் கொண்டுபோக ஒரு அமிகா டிஸ்க் வேண்டும். கோழியா முட்டையா கதைதான்.

அதனால் நேர் வழி, கிரீஸ்வீசல் என்ற சின்னப் பலகை. கெய்ர் பிரேசர் வடிவமைத்தது. ஒரு பக்கம் யுஎஸ்பி, இன்னொரு பக்கம் 34 பின் கேபிள். அதில் பழைய மேசைக் கணினியிலிருந்து கழற்றிய சாதாரண 3.5 அங்குல டிரைவை மாட்டலாம். லேப்டாப்பில் நீங்கள் செருகிய யுஎஸ்பி டிரைவு இதற்கு உதவாது. இந்தப் பலகை செக்டாரைத் தேடுவதில்லை. ஹெட்டுக்குக் கீழே காந்தத் திசை எந்தெந்தக் கணத்தில் மாறுகிறது என்று நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளும், எழுதும்போதும் அதே கணக்கில் எழுதும். அது அமிகாவா, கமோடரா, மேக்கா என்பதைக் கணினியில் இருக்கும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். கிரையோபிளக்ஸும் சூப்பர்கார்டு புரோவும் இதே குடும்பம்தான். உங்கள் பழைய அமிகா டிஸ்க்குகளில் இருப்பவற்றைக் காப்பாற்றவும் இதுதான் வழி. விளையாடினால் போதும், டிஸ்க்கே வேண்டாம் என்றால் யுஎஸ்பி குச்சியில் உள்ள படிமங்களை டிஸ்க் போலக் காட்டும் கோடெக் டிரைவில் பிளாஷ்பிளாப்பி நிரலைப் போட்டு அமிகாவின் டிரைவு இருந்த இடத்தில் வைத்துவிடலாம். எனக்கு அது பிடிப்பதில்லை. டிஸ்க் சுழலும் சத்தம் இல்லாத அமிகா ஏதோ ஊமையானது போல இருக்கிறது. ஆனால் அது என் பிரச்சினை.

டிரைவு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அமிகாவில் ஓர் எளிய சோதனை உண்டு. டிஸ்க் இல்லாதபோது அது ‘டிக்... டிக்...’ என்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். டிஸ்க் வந்துவிட்டதா என்று ஹெட்டை நகர்த்திப் பார்க்கிறது, அவ்வளவுதான். டிஸ்க்கைப் போட்டதும் டிக் நின்றால், டிஸ்க் வந்தது அமிகாவுக்குத் தெரிந்துவிட்டது என்று பொருள். போட்ட பிறகும் டிக் நிற்கவில்லையென்றால் கோளாறு படிப்பதில் இல்லை, டிஸ்க் மாறியதைச் சொல்லும் குறிப்பில் இருக்கிறது. யாராவது முன்பே அதில் பிசி டிரைவை மாட்டியிருந்தால் இது அடிக்கடி வரும். பிசி டிரைவு டிஸ்க் மாறியதை 34ஆம் பின்னில் சொல்கிறது. அமிகா அதை 2ஆம் பின்னில் எதிர்பார்க்கிறது, 34இல் ‘நான் தயார்’ என்ற குறிப்பை எதிர்பார்க்கிறது. போதாததற்கு, பிசி டிரைவுகள் பெரும்பாலும் இரண்டாவது டிரைவாகத் தேர்வு வைக்கப்பட்டு வருகின்றன. கேபிளில் இருக்கும் முறுக்குதான் ஏ, பி என்று பிரிக்கிறது. அமிகாவின் கேபிளில் முறுக்கு இல்லை, அதற்கு வேண்டியது முதலாவது டிரைவு. ஜம்பரை மாற்றி, பின்களின் கம்பிகளையும் மாற்றினால்தான் பிசி டிரைவு அங்கே ஒழுங்காக வேலை செய்யும். கணினியைப் போட்ட நொடியிலிருந்து டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்தால் வேறெதையும் யோசிக்க வேண்டாம், கேபிளைத் தலைகீழாகச் செருகியிருக்கிறீர்கள்.

அடுத்தது டிஸ்க். 3.5 அங்குலத்தில் டிடி (இரட்டை அடர்த்தி), எச்டி என்று இரண்டு வகை. எழுத்துத் தடைத் தாழ் இருக்கும் மூலைக்கு எதிர் மூலையில், தாழ் இல்லாத வெறும் ஓட்டை இருந்தால் அது எச்டி. பிசி டிரைவு அந்த ஓட்டையைப் பார்க்கும். அமிகா 500இன் டிரைவு பார்க்காது. எனவே எச்டி டிஸ்க்கை அமிகாவில் போட்டால் சமர்த்தாக 880கே ஆகப் பார்மேட் ஆகிவிடும், வேலையும் செய்யும். வம்பு பிறகு வரும். எச்டி பூச்சைக் காந்தமாக்க இன்னும் கொஞ்சம் வலுவான மின்னோட்டம் வேண்டும். 3.5இல் இரண்டு பூச்சுக்கும் வேறுபாடு சிறிது என்பதால் உடனே தெரியாது. சில மாதம் கழித்து எடுத்தால் உள்பக்க டிராக்குகளில் பிழை தலைகாட்டும். அந்த டிஸ்க்கைப் பிசியில் போட்டால் ஓட்டையைப் பார்த்துவிட்டு எச்டி வேகத்தில் படிக்கப் போகும், ஒன்றும் வராது. ஓட்டையில் ஒளி புகாத டேப்பை ஒட்டினால் அந்தச் சிக்கல் மட்டும் தீரும். விளையாடிப் பார்க்க எச்டி பரவாயில்லை, வைத்துக் காப்பாற்ற வேண்டியதை டிடியில்தான் எழுத வேண்டும். ஏற்கெனவே 1.44இல் பார்மேட் ஆனதை டிடியாக மாற்றும் முன் காந்த அழிப்பானால் முழுதாக அழித்துவிடுவது நல்லது. பழைய எழுத்தின் மிச்சம் அடியில் இருந்து குழப்பும்.

5.25 அங்குலத்தில் இந்த வேறுபாடு சிறிதல்ல. பூச்சைக் காந்தமாக்கத் தேவையான வலுவை ஓர்ஸ்டெட்டில் அளப்பார்கள்: டிடி பூச்சு சுமார் 300 ஓர்ஸ்டெட், 1.2 எம்பி எச்டி பூச்சு சுமார் 600. ஏறக்குறைய இரட்டிப்பு. எச்டி டிஸ்க்கை 1541இல் பார்மேட் செய்யப் பார்த்தால் பெரும்பாலும் பாதியில் பிழை காட்டி நிற்கும். முடிந்தாலும் அதை நம்பாதீர்கள். இந்த அளவில் ஓட்டை அடையாளம் கிடையாது. ஆனால் நடுத் துளையைப் பாருங்கள். டிடி டிஸ்க்குகளில் பெரும்பாலும் துளையைச் சுற்றி வலுவூட்டும் வளையம் ஒட்டியிருக்கும், எச்டியில் பெரும்பாலும் இருக்காது. லேபிள் உரிந்துபோன டிஸ்க் குவியலை நான் இப்படித்தான் பிரிக்கிறேன்.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிரீஸ்வீசல் வாங்கியதும் அடுத்து நீங்கள் விழப்போவது இதில்தான். ‘ஒரு 1.2 எம்பி பிசி டிரைவை மாட்டினால் கமோடர் டிஸ்க்கையும் அதிலேயே எழுதலாமே’ என்று தோன்றும். படிக்கலாம், நன்றாகவே படிக்கும். எழுதுவது வேறு விஷயம். 1541இன் டிராக் அடர்த்தி அங்குலத்துக்கு 48, ஹெட்டின் அகலம் சுமார் 0.33 மில்லிமீட்டர். 1.2 எம்பி டிரைவு அங்குலத்துக்கு 96 டிராக், அதன் ஹெட் அதில் பாதி அகலம்தான். பட்டையான தூரிகையால் அடித்த கோட்டின் மேல் மெல்லிய தூரிகையால் வேறு நிறம் அடித்தால் இரு ஓரத்திலும் பழைய நிறம் எட்டிப் பார்க்கும் அல்லவா? அதே கதி. எழுதிய டிரைவிலேயே படித்தால் எல்லாம் சரியாகத் தெரியும். 1541இன் அகன்ற ஹெட் பழையதையும் புதியதையும் சேர்த்து வாங்கிக் குழம்பிப்போகும். இதுவரை எதுவுமே எழுதாத டிஸ்க், அல்லது காந்த அழிப்பானால் முழுதாக அழித்த டிஸ்க் என்றால் ஓரளவு தப்பிக்கலாம். 3.5 அங்குலத்தில் டிடியும் எச்டியும் 80 டிராக்தான் என்பதால் இந்தத் தலைவலி அங்கே இல்லை.

கமோடருக்குச் சரியான வழி 1541ஐக் கொண்டே எழுதுவது. சூம்பிளாப்பி என்ற யுஎஸ்பி இணைப்பானில் 1541ஐ நேராக லேப்டாப்புடன் சேர்த்துவிடலாம். கமோடர் டிஸ்க்கின் டி64 படிமத்தை, அதாவது 1,74,848 பைட்டை, அது 1541இன் சொந்த ஹெட்டாலேயே எழுதிவிடும். அகலத் தகராறு வராது.

இனி 1541இன் சிவப்பு விளக்கு. இந்த டிரைவை வெறும் டிரைவு என்று நினைக்காதீர்கள். உள்ளே தனியாக ஒரு 6502 செயலி, 2கே ராம், 16கே ரோம். அது ஒரு தனிக் கணினி. அதனால் என்ன தவறு என்று கேட்டால் பதில் சொல்லும், நாம்தான் கேட்பதில்லை. பேசிக்கில் நான்கு வரி எழுதுங்கள்: 8ஆம் சாதனத்தின் 15ஆம் சேனலைத் திற, நான்கு மதிப்புகளை வாங்கு, அச்சிடு, மூடு. நேரடிக் கட்டளையாகக் கொடுத்தால் ஏற்காது, வரி எண் போட்ட நிரலாக இருக்க வேண்டும். விடையில் முதலில் பிழை எண், பிறகு அதன் பெயர், அப்புறம் டிராக், செக்டார். டிரைவைப் போட்டதும் கேட்டால் 73 என்று வந்து டாஸ் பதிப்பைச் சொல்லும். அது பிழை அல்ல, வணக்கம் சொல்கிறது.

மற்ற எண்கள்தான் முக்கியம். 21 என்றால் ஒத்திசைவுக் குறியே கிடைக்கவில்லை: பார்மேட் ஆகாத டிஸ்க், 1541 எழுதாத டிஸ்க், அல்லது எதையும் உணராத அளவுக்கு அழுக்கேறிய ஹெட். எல்லா டிஸ்க்குக்கும் 21 வந்தால் ஹெட்டைப் பாருங்கள், ஒரே டிஸ்க்குக்கு வந்தால் டிஸ்க்கைப் பாருங்கள். 23 என்றால் செக்டார் கிடைத்தது, உள்ளிருக்கும் தரவின் சரிபார்ப்புக் கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாக 23 வந்தால் பூச்சு கெட்டிருக்கிறது அல்லது அழுக்கு. 20 செக்டாரின் தலைப்பைக் காணோம், 27 தலைப்பின் கூட்டுத்தொகை தவறு. இந்த இரண்டும் பல டிஸ்க்குகளில் சேர்ந்து வந்தால் ஹெட்டின் நிலையிலோ சுழலும் வேகத்திலோ சந்தேகப்படுவேன். 29 டிஸ்க்கின் அடையாள எழுத்துகள் பொருந்தவில்லை என்பது. ஒரு எச்சரிக்கை: கடையில் விற்ற அசல் விளையாட்டு டிஸ்க்குகள் பலவற்றில் நகலெடுப்பதைத் தடுக்க வேண்டுமென்றே இப்படிப் பிழைகளை எழுதிவைத்திருப்பார்கள். ஓர் அசல் டிஸ்க்கில் ஒரே டிராக்கில் மட்டும் 23 வந்து, விளையாட்டு ஓடினால், அது நோய் அல்ல, பூட்டு.

எண்களைக் குறித்துக்கொண்ட பிறகு சுத்தம் செய்யுங்கள். மின்சாரத்தைத் துண்டித்து, டிரைவைக் கவிழ்த்து அடியில் உள்ள திருகுகளைக் கழற்றினால் மேல்மூடி வந்துவிடும், உள்ளே உலோகத் தட்டு, அதையும் எடுத்தால் ஹெட் தெரியும். 1541இல் ஹெட் கீழே ஒன்றுதான், மேலே ஒரு சிறு கையில் கம்பளிப் பஞ்சு போன்ற திண்டு டிஸ்க்கை ஹெட்டின் மேல் அழுத்தும். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியை, சொட்டாத ஈரத்தோடு, ஹெட்டின் முகத்தில் மெதுவாகத் தேயுங்கள். முதல் குச்சி பழுப்பாக வரும். டிஸ்க்கிலிருந்து உரிந்த பூச்சுதான் அது. குச்சி வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றித் தேயுங்கள். திண்டில் ஆல்கஹால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையைத் தேவைக்கு மேல் தூக்க வேண்டாம். அமிகா டிரைவில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே மேலும் கீழும் இரண்டு ஹெட். மேல் ஹெட் தாள் போன்ற ஒரு தகட்டில் தொங்குகிறது, அதை வளைத்துவிட்டால் டிரைவு போனதுதான். அங்கே ஹெட்டைத் தூக்காமல், குச்சியை இடையில் நுழைத்துத் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கையும் போடும் முன் பாருங்கள். நீள ஜன்னலில் தெரியும் பகுதியை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து, நடுத் துளையில் விரலை வைத்து ஒரு சுற்று திருப்புங்கள். சாம்பல் புள்ளிகளோ வட்டமான மங்கலோ தெரிந்தால் அது பூஞ்சை. நான் ஒருமுறை பார்க்காமல் ஒன்றைச் செருகினேன். ‘கிறீச்’ என்றது. சத்தம் அடங்கட்டும் என்று விட்டுவைத்தேன், அதுதான் தப்பு. அந்த டிஸ்க் எப்படியும் போயிருக்கும், அதோடு முடியவில்லை. ஹெட்டில் ஒட்டிய பூச்சோடு அடுத்து போட்ட நல்ல டிஸ்க்கில், 18ஆம் டிராக் இருக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு வளையம் விழுந்தது. கமோடர் டிஸ்க்கில் 18ஆம் டிராக்தான் கோப்புப் பட்டியல் இருக்கும் இடம். முதல் கிறீச் கேட்டதும் கதவைத் திறந்து டிஸ்க்கை வெளியே எடுங்கள், ஹெட்டைத் துடைத்த பிறகுதான் அடுத்தது.

சுத்தம் செய்தும் பழையபடியே இருந்தால் வேகம். நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 200 மில்லிவினாடி. பெல்ட்டில் ஓடும் 1541களில் அடியிலுள்ள பெரிய சக்கரத்தில் கோடு கோடாக வளையம் இருக்கும். குழல் விளக்கின் அடியில் பார்த்தால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் நின்றது போலத் தெரியும். எல்இடி விளக்கில் இந்த வித்தை பலிக்காமல் போகலாம். கமோடரிலேயே ஓடும் வேகச் சோதனை நிரல்கள் இருக்கின்றன, அவை நம்பகமானவை.

வேகமும் சரி என்றால் மிஞ்சுவது ஹெட்டின் நிலை. இதுதான் 1541இன் பரம்பரை வியாதி. முதல் டிராக்கில் ஹெட் நிற்கிறதா என்று சொல்லும் உணரி அதில் இல்லை. எங்கே இருக்கிறோம் என்று தெரியாவிட்டால் ஹெட்டை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போய்த் தடுப்பில் ‘டக டக டக’ என்று மோதவிடும். பார்மேட் செய்யும்போதும், பிழை வரும்போதும் இதே மோதல். மேலே சொன்ன பூட்டுப் பிழைகளைத் தேடும் விளையாட்டுகள் ஒவ்வொரு தடவையும் மோதவிட்டன. ஆண்டுக்கணக்கில் மோதினால் ஹெட் நகரத்தானே செய்யும்.

கண்டுபிடிக்க ஒரு கட்டம் போடுங்கள். அந்த 1541இலேயே புதிதாகப் பார்மேட் செய்து எழுதிய டிஸ்க், கடையில் விற்ற அசல் டிஸ்க், வேறொருவரின் 1541இல் எழுதிய டிஸ்க். முதலாவது மட்டும் படித்து மற்ற இரண்டும் தகராறு செய்தால் ஹெட் நகர்ந்திருக்கிறது. தன் வீட்டுக் கடிகாரத்துக்கு மட்டும் நேரம் தவறாத ஆள் போல, தன் எழுத்தைத் தான் படித்துக்கொள்ளும். மூன்றுமே தகராறு என்றால் அழுக்கு, வேகம், மின்னணு என்ற வரிசையில் பாருங்கள். முதலாவது தகராறு செய்து அசல் டிஸ்க் படித்தால், நீங்கள் எடுத்த வெற்று டிஸ்க் எச்டியாக இருக்கும். நடுத் துளையைப் போய்ப் பாருங்கள்.

ஹெட் நகர்ந்தது உறுதியானால் உடனே திருப்புளியைத் தூக்க வேண்டாம். அந்த நகர்ந்த நிலையிலேயே எழுதப்பட்ட உங்கள் சொந்த டிஸ்க்குகள் இருக்குமே? ஹெட்டைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்த மறுகணம் அவை படிக்காமல் போகும். முதலில் அவை எல்லாவற்றையும் சூம்பிளாப்பி வழியாகப் படிமமாக எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் சீரமைப்பு.

கேள்வியில் இல்லாவிட்டாலும், வேறு இயந்திரம் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சில வரிகள். அடாரி எஸ்டி இருப்பதிலேயே சாது. 9 செக்டார், பிசியைப் போன்ற கோப்பு அமைப்பு. அதன் இயக்க முறையான டிஓஎஸ் (TOS) 1.04க்கு முந்தியவை பார்மேட் செய்த டிஸ்க்கின் முதல் செக்டாரில் பிசி எதிர்பார்க்கும் பைட்டுகள் இல்லாததால் பிசி திணறும். பிசியில் 720கே ஆகப் பார்மேட் செய்து எஸ்டிக்குக் கொண்டுபோனால் தகராறு இல்லை. ஆனால் ஆரம்பகால எஸ்எஃப்354 டிரைவுக்கு ஒரு பக்கம்தான், அதில் இரு பக்க டிஸ்க் ஓடாது. மேக்கின் 400கே, 800கே டிஸ்க்குகள் டிராக்குக்கு ஏற்பச் சுழலும் வேகத்தையே மாற்றி எழுதியவை. யுஎஸ்பி டிரைவில் அவற்றைப் போட்டுப் பார்ப்பது வீண், கிரீஸ்வீசல் போன்ற பலகைதான் கதி. பிபிசி மைக்ரோவின் பழைய டிஸ்க்குகள் எஃப்எம் என்ற ஒற்றை அடர்த்தி முறையில் எழுதியவை, பல பிசி கன்ட்ரோலர்களுக்கு அந்த முறையே தெரியாது. அடாரி 810, 1050 டிரைவுகள் 300க்குப் பதில் 288 சுற்றில் ஓடும். ஆம்ஸ்ட்ராட் சிபிசி 6128, ஸ்பெக்ட்ரம் பிளஸ் 3 வைத்திருப்பவர்கள் 3 அங்குல டிரைவின் ரப்பர் பெல்ட்டை முதலில் பாருங்கள். பாதிப் புகார்கள் தளர்ந்த பெல்ட்டோடு முடிந்துவிடும். 6128இல் வேறு டிரைவை மாட்டப் போகிறவர்கள், மின் இணைப்பில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் பிசி டிரைவுக்கு நேர்மாறாக இருப்பதை மீட்டர் வைத்து அளந்துவிட்டுத் தொடுங்கள்.

உங்களிடம் திரும்புகிறேன். அமிகாவில் பழைய, அமிகாவிலேயே எழுதிய டிஸ்க் ஒன்றை எழுத்துத் தடையோடு போட்டுப் பாருங்கள். அது ஓடினால் டிரைவைத் தொடவே வேண்டாம், கிரீஸ்வீசலும் ஒரு கட்டு டிடி டிஸ்க்கும் போதும். 1541க்கு ஹெட்டைத் துடைத்துவிட்டு, சிவப்பு விளக்கு சிமிட்டிய டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் பிழை எண், டிராக், செக்டார், அது எந்த டிரைவில் எழுதியது என்று ஒரு தாளில் குறித்து இங்கே போடுங்கள். அதைப் பார்த்தால் ஹெட்டா, வேகமா, டிஸ்க்கா என்று சொல்லிவிடலாம்.